காந்திமாவின் கவசம்

போன வாரம் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு தையல் கடை வாசலில் நின்றிருந்தேன். பேண்ட் இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும்; ஏன் என்று கேட்காதீர்கள், வயதானால் எல்லோருக்கும் வருவதுதான். தையல்காரர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வாளும் கவசமும் ஞாபகம் வந்துவிட்டன. மெஷின் எண்ணெய்க்கும் வாளுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது.

கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் தையல் மெஷினும் என் பழைய கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் இருக்கும். மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேருக்கு அம்மாதான் ரவிக்கை தைத்தாள். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன், அதாவது படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டாளி அந்தோணி ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தான். கதைக்குள் நாமே ஓர் ஆளாகப் புகுந்து, ஊர் ஊராக நடந்து, ஆயுதம் சேர்த்து, கடைசியில் பனிமலை உச்சியில் இருக்கும் அரக்கனைக் கொல்ல வேண்டும். போட்டவுடனே திரை ஒரு கேள்வி கேட்டது. நான் விழித்தேன்.

"இன்னாடா யோசிக்கிற?" என்றாள் அம்மா, மெஷினை மிதித்தபடியே.

"ஆம்பளையா பொம்பளையான்னு கேக்குதும்மா."

"பொம்பளன்னு போடு. அப்பத்தான் வேலை நடக்கும்."

போட்டேன். பேரும் அம்மா பேரையே வைத்தேன். காந்திமதி என்று அடித்தால் எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் அந்தக் கட்டத்தில் ஏறவில்லை. 'காந்திமா' என்று நின்றுவிட்டது. அன்றிலிருந்து அம்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அந்தோணிக்கு ஒப்பவில்லை. "மச்சான், போயும் போயும் பொம்பளையாவா ஆடுற? அவ்ளோ பெரிய கத்திய ஒரு பொம்பள தூக்குவாளா? நம்புற மாரி இருக்க வேணாமா?"

அம்மாவுக்குக் கத்தியில் ஒரு சந்தேகமும் இல்லை. அவள் சந்தேகமெல்லாம் உடுப்பில்தான். காந்திமாவுக்கு நான் பெருமையாக வாங்கி மாட்டிய இரும்புக் கவசத்தைப் பார்த்ததும் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இதுக்கு அளவு எடுத்தது எவன்டா? வயிறு பூரா தெரியிது. மொதல்ல அங்கதான குத்துவான்?"

பக்கத்தில் நின்ற ஆண் வீரனும் அதே கவசத்தைத்தான் போட்டிருந்தான். அவனுக்குக் கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் மூடியிருந்தது. "பாத்தியா, துணி இருந்திருக்கு. இவளுக்கு மட்டும் மிச்சம் புடிச்சிட்டான்," என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, இவ எப்பத்தான் சோறு திங்கிறா?" என்று வேறு கேட்டாள்.

கடைசியில் ஒரு கிழட்டுக் காவல்காரன் விட்டுப்போன தோல் அங்கியைத் தேடிப்பிடித்தேன். முழுக்கை, மொத்தையான துணி மூட்டை மாதிரி இருக்கும். பலம் பாதிகூடக் கிடையாது, ஓர் அடி விழுந்தால் உயிர் சர்ரென்று இறங்கிவிடும். "அழகில்லாட்டி போவுது. குளுராம இருக்கட்டும்," என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

குளிர் அம்மாவுக்குத் தெரியும். அப்போது அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. வாரம் இரண்டு நாள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப்போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். வந்தால் சித்திரை வெயிலிலும் உடம்பு நடுங்கும். அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"எங்கடா இருக்கன்?" என்பாள். காந்திமா எங்கே இருக்கிறாள் என்று அர்த்தம்.

"மலையடிவாரத்துல."

"ஏறிடுவனா?"

"ஏத்திடுவன்மா."

சொல்லிவிட்டேனே தவிர, என் கை தவறி காந்திமா செத்துவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பைத்தியக்கார நினைப்பு. இவளை எப்படியாவது உச்சியில் ஏற்றிவிட்டால் அவளும் பிழைத்துக்கொள்வாள் என்றும் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரக்கன் விழுந்தான். நான் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் குரைத்தன. பனியில், மொத்தை அங்கியோடு, காந்திமா தனியாக நின்றாள்.

"செத்துட்டானா? நல்லாப் பாத்துக்க," என்றாள் அம்மா. "சரி, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டன்." எழுந்து போனவள் சமையற்கட்டு வாசலில் நின்று இன்னொரு தடவை திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த வருஷம் முழுக்க நான் பார்க்கவில்லை.

அடுத்த தையில் போய்விட்டாள். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீட்டை அண்ணாந்து பார்த்து, "மாமா எப்புடிக் கட்டி வச்சிருக்காரு பாரு," என்றார்கள். அந்த வீட்டில் பாதிச் செங்கல் ரவிக்கை தைத்து வந்தது. அப்பா ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தார், பாவம்.

பிறகு நான் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதியில் அறைத்தோழன் லேப்டாப்பில் அதே விளையாட்டின் இரண்டாம் பாகம் இருந்தது. ஆசையாக உட்கார்ந்தேன். கதை பல வருஷம் கழித்து நடக்கிறது. ஊர் நடுவில், அரக்கனைக் கொன்ற வீரனுக்குச் சிலை வைத்திருந்தார்கள். தாடியும் மீசையுமாக ஓர் ஆண்.

"அதுதான் மச்சான் ஒரிஜினல் கதை," என்றான் அறைத்தோழன். "ஹீரோ ஆம்பளதான்னு கம்பெனிக்காரனே சொல்லிட்டான். நீ ஆடுனதெல்லாம் சும்மா."

சும்மாவாம்! ரத்தம் கொதித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப்போய் யாரிடமாவது புகார் கொடுத்துவிடலாம் என்பதுபோல. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

போகட்டும், கடலூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் காந்திமா உச்சியில்தான் நிற்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். லீவுக்குப் போகும்போதெல்லாம் திறந்து ஒரு தடவை பார்ப்பேன். அப்புறம் அந்தப் பெரிய புயல் வந்தது. ஜன்னல் பெயர்ந்து, கூடம் முழுக்கத் தண்ணீர். மழை விட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் எடுக்க முடியாது தம்பி. உள்ள இன்னா இருந்துச்சி?"

"எங்கம்மா."

"போட்டோவா? ஊட்டுல வேற இருக்கும், தேடிப் பாருங்க," என்றார் ஆறுதலாக.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. எல்லாவற்றிலும் அம்மா பட்டுப்புடவை கட்டி, அப்பாவுக்கு அரையடி பின்னால், வெறுங்கையோடு நிற்கிறாள்.