தானே பூட்டிய தெறிகள்

சுன்னாகம் ஸ்டேஷன் வீதியில் எனக்கு ஒரு சிறிய தையல்கடை இருக்கிறது. பருத்தித் துணியில் இளநீலம், பிஸ்தாப் பச்சை, வெளிறிய ஊதா என்று மென்னிறச் சட்டைகள் தைத்துத் தொங்கவிடுவேன். இளம் பெட்டையள் ‘பேஸ்டல் கலர்’ என்று கேட்டு வருவார்கள். இந்தச் சட்டைகளுக்கு நான் வைப்பது பழைய பொத்தான்கள். எங்கள் பக்கத்தில் தெறி என்போம். வெளிநாட்டுப் பார்சலில் வந்து, இந்த வெயிலுக்குப் போட முடியாமல் கிடக்கும் கோட்டுகளிலிருந்து கழற்றியவைதான் அனேகம். சிப்பித் தெறி, கண்ணாடித் தெறி என்று பிரித்துப் போத்தல்களில் போட்டு வைத்திருப்பேன்.

ஒருநாள் இணுவிலிலிருந்து வசந்தி என்பவள் தன் அம்மாவைக் கூட்டி வந்தாள். அம்மா வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பாரிசவாதம் வந்ததில் வலது கை விழுந்துவிட்டது. இன்னொருவர் உடுத்திவிட வேண்டியிருக்கிறதே என்று வெளியே போவதையே நிறுத்திவிட்டாராம். பார்க்க வருபவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுகிறாராம். வசந்தி இதையெல்லாம் அவரை வைத்துக்கொண்டே சொன்னாள். அவர் ஓர் ஊதாச் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“முன்னுக்கு அமத்தி ஒட்டுற வெல்குரோப் பட்டி வைச்சுத் தாங்கோ அக்கா. அம்மாவுக்கு இனித் தெறி சரிவராது” என்றாள் வசந்தி.

“வெல்குரோ செருப்புக்கு. எனக்குத் தெறி வையுங்கோ பிள்ளை. நானே பூட்டவேணும்.”

அவருக்குப் பிடித்தவை சின்னச் சிப்பித் தெறிகள். அந்த ஊதாச் சட்டையில் இருந்தவற்றை ஒற்றை இடது கையால் பூட்டிப் பார்த்தார். வழுக்கி வழுக்கிப் போயின. முகம் இறுகிவிட்டது. நான் ஒரு துணித்துண்டில் பல வகைத் தெறிகளைத் தைத்து, எதிர்த்துண்டில் ஓட்டைகளும் போட்டு, வீட்டில் பூட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டேன். வசந்திக்கு அது பிடிக்கவில்லை. அம்மாவை வீணாக வதைப்பதாக நினைத்தாள்.

அடுத்த கிழமை அந்தத் துண்டோடு திரும்பி வந்தார்கள். அம்மா ஒன்றைத் தொட்டுக் காட்டினார். விளிம்பு உயர்ந்த, பால் நிறமான, தடித்த கோட்டுத் தெறி. விரல் பிடிக்க அந்த விளிம்பு போதுமாக இருந்திருக்கிறது. அதே தெறிகளை அவருடைய சட்டையில், துணியோடு ஒட்டாமல், நூலைச் சுற்றிக் கால்போல உயர்த்தித் தைத்தேன். ஓட்டைகளையும் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன்.

சட்டையைப் போட்டுப் பார்க்க வந்த அன்று, திரைக்குப் பின்னால் வசந்தி அம்மாவின் கைகளை மட்டும் சட்டைக்குள் நுழைத்துவிட்டாள். அம்மா கீழிருந்து பூட்டத் தொடங்கினார். வெகுநேரம் எடுத்தது. மேலே வந்தபோது ஒரு தெறி மிஞ்சியது. இடையில் ஓர் ஓட்டை தவறியிருந்தது. வசந்தி கையை நீட்டினாள்.

“கையை எடு வசந்தி.”

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கீழிருந்து தொடங்கினார். நான் வசந்தியை முன்பக்கம் கூட்டி வந்து இருத்தினேன். எனக்கும் உள்ளே போய்ப் பூட்டிவிடலாம் போலத்தான் இருந்தது. வேலை தெரிந்த கை சும்மா இருப்பது கஷ்டம். ஆனாலும் கேட்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலைதான். அன்றுதான் அதைப் பழகினேன்.

திரை விலகியது. கழுத்துவரை பூட்டியிருந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

“ஓட்டோவைக் கூப்பிடு வசந்தி. வீட்டை போகமுதல் கோயிலுக்குப் போவம்” என்றார்.