மூன்று சட்டிக் கலப்பை

பெரியப்பாவுக்கு எதிலும் பெரிசுதான் வேண்டும். செங்கத்தில் பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வந்ததென்று வாங்கப் போனவர், மூன்று சட்டிக் கலப்பையையும் சேர்த்து இழுத்து வந்தார். வாணலி போலக் குழிந்த இரும்புத் தட்டுகள் மூன்று, ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். வண்டியோ சின்னது, வயசானது. "இது ரெண்டு சட்டிதாங்க தாங்கும். மூணு மாட்டுனா மூக்கத் தூக்கிடும்" என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். பெரியப்பா கேட்கிற ஆளா?

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி எங்கள் நிலம். வரப்போரம் திரும்புவதற்காகக் கலப்பையைத் தூக்கினால் போதும், முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிடும். அப்புறம் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி தன் பாட்டுக்குப் போகும். பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் அப்பாவை முன் பம்பர் மேல் உட்கார வைத்தார்.

அப்பா நல்ல கனம். பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு இலை இடம் போகும் என்று அம்மாவே கிண்டல் செய்வாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அடங்கி நடந்தது. அப்பாவுக்கு ஒரே பெருமை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தால், உற்சவர் மாதிரி கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணுவார்.

அவர் எங்களோடு இருந்த கடைசி வருஷம் அது. வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. வயலுக்குப் போக வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாள். "உக்கார்றதுக்கு இன்னா கஷ்டம்? அது ஒண்ணாவது செய்றேனே, வுடு" என்பார்.

ஆடியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட உழுதபோது, அப்பா உட்கார்ந்திருந்தும் வண்டி மூக்கைத் தூக்கியது. பெரியப்பா அவர் பக்கத்தில் ஒரு மணல் மூட்டையைக் கட்டினார். மார்கழியில் மூட்டை இரண்டாயிற்று. ஒருநாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போன நேரம், மூட்டைகளையும் அப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வண்டியின் முன்பக்கம் எழும்பி, பொத்தென்று விழுந்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தப்பினார்.

பெரியப்பா இன்ஜினை நிறுத்தினார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் போய், கடைசிச் சட்டியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஏண்ணா கழட்டுற? இன்னொரு மூட்ட வச்சிக்கலாமே" என்றார் அப்பா.

"மண்ணு இறுகிக் கெடக்குதுடா. ரெண்டு சட்டி போதும்" என்றார் பெரியப்பா, தலையைத் தூக்காமல். முந்தின வாரத்து மழையில் மண் புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு சட்டியோடு வண்டி நோகாமல் நடந்தது. மூட்டைகளை அவிழ்த்துப் போட்ட பிறகும் மூக்கைத் தூக்கவில்லை. அப்பா வரப்பில் உட்கார்ந்து, கஞ்சியைத் தொடாமல், அது போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ கொண்டாட்டம். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, வண்டி சரியாப்போச்சி! அப்பா இனிமே வெயில்ல உக்கார வேணாம்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து அழுதாள். நல்ல சேதி கொண்டு வந்தால் இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.