பியானோ தனியே ஒலிக்கும் இடம்

பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸால் இறங்கி வந்தபோது, லாசாலில் எங்கள் அடுக்குமாடி வாசலில் அம்மா கோட் போடாமல் பனியில் நின்றார். "மெற்றில்டா அன்ரி வேலையில மயங்கி விழுந்திட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்" என்றார். மேல்மாடியில் தனியாக வாழ்ந்தவர் அன்ரி. செய்தி சொல்ல வேண்டிய ஒரே உறவு, மன்னாரில் விசாவுக்குக் காத்திருந்த அவருடைய கணவர் சூசை அங்கிள்தான்.

நம் கோயில் பங்கின் தமிழ்ப் பாடகர் குழுவில் அன்ரியின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வாரநாட்களில் அவர் சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் மருந்துப் பெட்டிகள் அடுக்கினார். அவர் ஒரு ஜெர்மன் காதல் பாட்டும் பாடுவார் என்பது சிலருக்கே தெரியும்.

நூலகத்தில் நான் இரவல் எடுத்த இசைத்தட்டில் அது இருந்தது. இயற்றியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண் ஒருவர். உறையிலிருந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பார்த்து அன்ரிக்குத் தமிழில் பொருள் சொன்னேன். தொலைவில் இருப்பவனிடம் ஒருத்தி தன் அன்பைச் சொல்கிறாள். அன்ரி உறையை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அந்த மனுசிக்கும் ஆரோ தூரத்தில இருந்திருக்கினம்" என்றார்.

கேட்டுக் கேட்டே முழுவதையும் மனப்பாடம் செய்தார். பாட்டுப் பயிற்சிக்கு இடையில் அதை முணுமுணுத்தபோது, "மெற்றில்டா, இதைப் பூசையில பாடினா ஃபாதர் எங்களைக் கலைச்சுப்போடுவார்" என்று குழுவினர் கேலி செய்தார்கள். "இது கோயில் பாட்டில்லை, வீட்டுப் பாட்டு" என்று அன்ரி சிரித்தார்.

வீட்டில் கேட்கத்தான் ஆள் இல்லை. ஆகவே ஞாயிறு காலைகளில், மன்னாரில் அங்கிள் காத்திருக்கும் ரெலிபோன் கடைக்கு அழைத்துப் பாடுவார். அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வரும் நான் கதவருகில் நிற்பேன். பூசைக்குக் கட்டிய சேலையோடு, குழுவில் நிற்பதுபோலவே நேராக நின்று பாடுவார்.

அவருக்கு மிகவும் பிடித்தது அதன் முடிவு. குரல் நின்றபின் பியானோ மட்டும் சிறிது தூரம் தனியே போகும். "சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு, ஆனா எழும்பிப் போக மனமில்லை. அதுதான் பிள்ளை இது" என்பார். பியானோ இல்லாததால் அந்த இடத்தை வாய்மூடி இசைக்கத் தொடங்குவார். அங்கிளோ வார்த்தை நின்றதும் பாட்டு முடிந்ததென்று நினைத்து, விசா என்னவாயிற்று என்று கேட்டுவிடுவார். அங்கே அடுத்த ஆள் காத்து நிற்பார். அன்ரியும் பாட்டை விட்டுவிட்டு விசாவைப் பற்றிச் சொல்வார்.

"ஒருநாளும் அவர் கடைசிவரை கேட்டதில்லை" என்று ஒருமுறை வழியில் சொன்னார். "பரவாயில்லை, இஞ்ச வந்து கேக்கட்டும்."

விசா கிடைக்காததால் அங்கிளால் அடக்கத்துக்கும் வர முடியவில்லை. அன்ரியைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் குழுவினர் பாடி முடித்துப் போனபின், அங்கிள் என் அம்மாவின் கைத்தொலைபேசிக்கு அழைத்தார். அதை வாங்கி, பெட்டியின் அருகில், என் சிறிய இசைத்தட்டுக் கருவிக்கு முன்னால் பிடித்தேன். நூலகத்தில் மறுபடி இரவல் எடுத்து வந்திருந்த தட்டில் அந்தப் பாட்டு ஒலித்தது. பாடகியின் குரல் நின்றது.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். இன்னும் இருக்கு. வைக்காதேங்கோ."

பியானோ தனியே போனது. அங்கிள் பேசவில்லை. அது ஓய்ந்த பிறகும் அவர் ரெலிபோனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

அன்ரி, அவர் கடைசிவரை கேட்டார். போய் வாருங்கள்.