ஈரக் கல்லில் ஊற்றிய தார்

போன வாரம் உலு திராமில், மகன் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில், மழை விட்ட கையோடு தாரைக் கொட்டி உருட்டிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ஆவி. மாடியில் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கலாம்தான். எனக்கு எங்கே வாய் வரும்? எழுதவாவது செய்கிறேன்.

எங்கள் அப்பாவுக்குத் தார் காய்ச்சி ஊற்றும் வேலை. அம்மா அதே வேலைக் கூட்டத்தில் கூடையில் கல் சுமந்தாள். ஆள் சேர்த்து வேலை வாங்கும் மண்டோர், அம்மாவின் சொந்த அண்ணன். மாமா வா என்றால் வேலை, போ என்றால் இல்லை.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பத்து பாகாட் டவுனில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், புதுசாகக் கட்டிய துணிக்கடைக்குப் பின்னால் கார் நிறுத்த இடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வருஷக் கடைசி லீவு, மழை விடவேயில்லை. அப்பாவுக்குச் சோறும் ஒரு தாள் பழைய பேப்பரும் கொண்டுபோவது என் வேலை. பரப்பிய கல்லின் மேல் அந்தத் தாளை விரித்து, கையால் அழுத்தி எடுத்துப் பார்ப்பார் அப்பா. நனைந்திருந்தால் அன்றைக்குத் தார் கிடையாது.

அன்று தாள் கல்லோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தே வந்தது.

"ஈரம் போகல மச்சான். ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும். இப்ப ஊத்துனா கல்லுல பிடிக்காது."

"நாளன்னிக்குக் கடை திறப்பு லா! சூட்டுல தண்ணி தானா ஓடிப்போயிடும், ஊத்துங்க மாப்பிள்ளை," என்றார் மாமா. அதோடு விட்டாரா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனா பேப்பர் பாத்துத்தான் வேலை செய்வாராம் எங்க மாப்பிள்ளை!" என்றார்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்பா ஊற்றினார். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி தார் சடசடவென்று நுரைத்தது.

கடை திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தார் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கார் சக்கரத்தோடு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. தவுக்கே கத்திக்கொண்டு வந்தார். மாமா கொஞ்சமும் கூசாமல் அப்பாவைக் கை காட்டினார். இவர் தாரைச் சரியாகக் காய்ச்சவில்லையாம்! அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

தவுக்கே என் பக்கம் திரும்பினார். "நீதான் தினம் இங்க நிக்கிறியே, என்ன நடந்துச்சு?" என்று மலாயில் கேட்டார். பள்ளியில் பேர் கேட்டாலே அழுகிற பிள்ளை நான். அன்று எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "மாமாதான்..." என்பதற்குள், பின்னால் நின்ற அம்மா என் தொடையில் கிள்ளினாள். உயிர் போய் வந்தது. மேலே ஒரு சொல் வரவில்லை.

அன்றோடு அப்பாவுக்கு வேலை போயிற்று. மறுநாள் காலையில் அம்மா, ஒன்றும் நடக்காத மாதிரி, அண்ணனின் கூட்டத்துக்கே கல் சுமக்கப் போனாள். அண்ணனைக் காப்பாற்றத்தான் கிள்ளினாள் என்று நான் பல நாள் அவளோடு பேசவில்லை.

கிள்ளிய இடம் கறுத்துக் கிடந்தது. குளிக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து அம்மாவைத் திட்டுவேன். இனி எங்கள் வீட்டில் உலை வைக்க அவள் கூலி ஒன்றுதான் மிச்சம் என்பதும், அண்ணனிடம் காட்ட முடியாத கோபம் முழுவதும் அந்த இரண்டு விரலில் இறங்கியிருந்தது என்பதும், அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.