நடு அடுக்கில் ஒரு சைபர்

எங்கள் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்கிறோம். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் மோட்டாரில் எழும்பும். அது எப்படி எழும்பும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பவர் கணக்கக்கா. அவர் கணக்கு எங்களுக்கு வேதவாக்கு.

பக்கத்து நாற்காலியில், இங்கேயே வேலை பார்த்த அவர் கணவர் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். அக்கா எண்களை அடிக்கும்போது எட்டிப் பார்த்து, "நடுவுல ஒண்ண முழுங்கிட்டே பாரு" என்பார்.

"உங்க கண்ணுக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுந்தபடியே அக்கா திருத்துவார்.

போன வருஷம் கணவர் இறந்துபோனார். அந்த நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே பிரிண்டரை வைத்தவன் நான்தான். இடம் வீணாகிறதே என்று நினைத்தேன். மரமண்டை! அதன்பிறகு அக்கா தனியாகத்தான் சாப்பிட்டார். கூப்பிட்டால், "பசியில்லப்பா" என்பார், வாயில் கவளத்தை வைத்துக்கொண்டே.

புதுக் கட்டிலைச் சோதித்த அன்று தலைப்பக்கம் வெடவெடவென்று ஆடியது. ஆட்டம் கூடிக்கொண்டே போனது. அக்காவின் திரையிலோ கோடு சமர்த்தாக எழும்பி நின்றிருந்தது. பழி, மோட்டாரை மாட்டிய ஃபிட்டர் தலையில் விழுந்தது.

"கணக்கு சரியா இருக்கு. நீதான் மோட்டார ஒழுங்கா மாட்டல. நாளைலேர்ந்து வராதே" என்றார் மேலாளர்.

ஃபிட்டர் நேரே அக்காவிடம் வந்தார். "நாலு தடவ கழட்டி மாட்டிட்டேன்க்கா. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

அக்கா டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைத் திறந்தார். கட்டளை கொடுத்தால் கட்டில் எப்படி அசையும் என்று சொல்லும் பின்னம் அது. அதன் கீழ்ப்பகுதியில் s என்ற எழுத்தின் மூன்றாம் அடுக்கு, அதாவது கனம், உண்டு, இரண்டாம் அடுக்கு கிடையாது, ஒன்றாம் அடுக்கு உண்டு, கடைசியில் வெறும் எண். மென்பொருளுக்கு ஒவ்வோர் அடுக்கின் எண்ணையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும்: 1, 0, 4, 8. அக்கா அடித்திருந்தது 1, 4, 8. இல்லாத அடுக்குக்குச் சைபர் போடவில்லை. மென்பொருள் மூச்சே விடாமல் மூன்றாம் அடுக்கை இரண்டாம் அடுக்காக எடுத்துக்கொண்டு, வேறேதோ சாதுவான கட்டிலுக்குக் கோடு வரைந்திருந்தது.

சைபரைச் சேர்த்தார். திரையிலும் ஆட்டம் தொடங்கியது. எரிந்து விழ, பழக்கத்தில் அக்கா பக்கத்து இடத்தைப் பார்த்துத் திரும்பினார். பிரிண்டர்தான் இருந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும் விக்கி விக்கி அழுதார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மேலாளரிடம் போனார். "தப்பு என்னோடது சார். ஃபிட்டர அனுப்பாதீங்க."

"நீங்களா? நீங்க தப்பே பண்ண மாட்டீங்களே!"

"எப்பவும் பண்ணிட்டுத்தான் இருந்தேன் சார். அவரு பாத்துச் சொல்லிடுவாரு."

ஃபிட்டரின் வேலை தப்பியது. மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த பிரிண்டர எடுத்துட்டு நாற்காலியப் போடறியா?"

"யாருக்கா உக்காரப் போறாங்க?"

"யாரும் இல்லப்பா. அது பாட்டுக்குக் காலியா இருக்கட்டும்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.