ஒன்பதாவது பாட்டு

அந்த ஆல்பம் நல்ல ஆல்பம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அப்படிச் சொன்னதால் என்னென்ன நடந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் அண்ணா, ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் ரேடியோவின் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து வந்த ஆங்கில ஒலிபரப்பில் அந்த ராக் குழு அகப்பட்டது. இங்கிலாந்துக்காரர்கள் ஐந்து பேர். ஒரு பாட்டு பத்து நிமிடம் போகும், சில சமயம் பன்னிரண்டு. அப்பா கீழேயிருந்து கத்துவார்: "என்னடா அது, பாத்திரக் கடைக்குள்ள மாடு பூந்துடுத்தா?" அண்ணா சத்தத்தைக் குறைப்பான். நான் ரேடியோவில் காதை ஒட்டிக்கொள்வேன். எனக்கு அப்போது பதினைந்து வயது.

சில வருடங்களில் அந்த ஐந்து பேரும் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு ஐந்து மாதம் கழித்து, பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து தெரிந்தது. அதற்குள் அண்ணா மன்னார்புரத்தில் இதே பைத்தியம் பிடித்த நாலைந்து பேரைக் கண்டுபிடித்திருந்தான். கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ஒருவர் வீட்டு மாடியறையில் கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர் குடும்பம் பூசைக்குப் போய்த் திரும்பிய பிறகு, பத்து மணிக்கு. அண்ணாவோடு நானும் போவேன். ஆய்வகக்காரரின் மனைவி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பள்ளி நோட்டுகளைத் திருத்துவார்.

அந்த அறைக்குச் சில விதிகள் இருந்தன. பாட்டு ஓடும்போது பேசக்கூடாது. பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. ஆல்பம் முடிந்த பிறகுதான் கருத்து. முதல் கருத்து எப்போதும் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவருடையது. எங்களில் வயதில் மூத்தவர், அந்தக் குழுவின் இசைத்தட்டையே கையில் வைத்திருந்த ஒரே ஆள். அவர் சொல்வதை மற்றவர்கள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள்.

அண்ணா நாக்பூருக்கு மாற்றலாகிப் போன பின் நான் தனியாகப் போனேன். ஒரு பெண் இப்படித் தனியாகப் போவதைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். அந்தச் சமயத்தில் எனக்கு மாலைப் பத்திரிகை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. முதலில் ப்ரூஃப் பார்த்தேன், பிறகு உதவி ஆசிரியர் ஆனேன். ஆனால் மன்னார்புரத்து அறையில் நான் அண்ணாவின் தங்கைதான். என் முறை வரும்போது, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேசட்டை எடுத்துவிடுவார்கள்.

எண்பதுகளின் நடுவில் அந்தக் குழு மறுபடி ஒன்று சேர்ந்தது. பத்து வருடம் கழித்து ஒரு புது ஆல்பம். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் கடைக்காரர் இசைத்தட்டை இரண்டு நாள் இரவல் வாங்கியிருந்தார். நாங்கள் ஆளுக்கொரு நாற்பத்தைந்து நிமிடக் கேசட் கொடுத்தோம். அவர் பதிந்து கொடுத்தார். அட்டையில் பாட்டுகளின் பெயர் கிடையாது. குழுவின் பெயர், அதற்குக் கீழே 'புதுசு', அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் ஆறு பேர். முதல் பக்கம் ஓடி முடிந்தது. ஆய்வகக்காரர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கத்தில் நான்கு பாட்டுகள் முடியும் வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ இருமினார். ஒரே ஒரு கிட்டார், கரகரத்த ஒரு குரல். பாட்டின் நடுவில் எங்கோ தொலைவில் ஒரு சங்கு ஊதி அடங்கியது. வங்கிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும், "இதுதாங்க அவங்க," என்றார். "மத்த எட்டும் குப்பை. ட்ரம்ஸ் அடிக்கிறது ஆளா மெஷினான்னே தெரியல. எல்லாப் பாட்டும் ஆறு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சு போவுது. ரேடியோக்காரன் கொடுத்த அளவுக்குச் சட்டை தச்சிருக்கானுங்க. இந்தக் கடைசிப் பாட்டுல மட்டும்தான் பழைய நெருப்பு இருக்கு."

"அந்தச் சங்கு?" என்றார் ஆய்வகக்காரர்.

"லண்டன்ல குண்டு போட்டப்ப ஊதுன சங்குங்க. இவங்கள்லாம் அந்தச் சமயத்துல பொறந்த பிள்ளைங்க. அதை எங்க கொண்டாந்து வச்சிருக்கான் பாருங்க!"

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

"நீ என்னம்மா சொல்ற?"

"எட்டும் நல்லா இருக்குங்க," என்றேன்.

கேசட்டை எடுக்கப் போன வங்கிக்காரரின் கை நின்றது. நான் மேலே சொன்னேன். பாடகருக்கு இப்போது பழைய உச்சி எட்டவில்லை. எட்டுவதுபோல் நடிக்கவும் இல்லை. இறங்கிப்போன குரலுக்கு ஏற்ற பாட்டுகளை எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது பாட்டில் ஒருவர் தான் பிறந்த தெருவிலேயே வழி கேட்கிறார். இருபத்தைந்து வயதில் அதைப் பாடியிருக்க முடியாது.

வங்கிக்காரர் சிரித்தார். "உங்க அண்ணன் இங்க இருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த அறையில் என் கருத்து அண்ணாவின் கருத்துக்குக் கீழ்ப்பட்டது என்று இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை. என் கருத்தை எழுதிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

அந்த வாரம் எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் ஒரு சினிமா விளம்பரம் நின்றுபோய் அரைப் பத்தி காலியாக இருந்தது. செய்தி ஆசிரியரிடம் கேட்டேன்.

"இங்கிலீஷ் பாட்டா? எவன் படிப்பான்?"

"ஆறு பேர் படிப்பாங்க சார்."

"சரி, நான் ஏழு. எழுது."

எழுதினேன். எட்டுப் பாட்டுகளும் ஏன் நல்லவை என்று காரணத்தோடு எழுதினேன். எதிர்த் தரப்பையும் விடவில்லை, தொழில் அப்படி. "திருச்சியின் நீண்டகால ரசிகர்கள் ஒன்பதாவது பாட்டை மட்டுமே ஏற்கிறார்கள். இந்தக் குழுவைத் தவிர வேறு யாராலும் இப்படிப் பாட முடியாது என்பது அவர்கள் கருத்து." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நடுவே ஒலிக்கும் போர்க்கால அபாயச் சங்கு மனத்தை விட்டு அகலாது" என்று நானாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

நான்காம் நாள் லால்குடியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய தம்பி ஜெர்மனியிலிருந்து அதே இசைத்தட்டை அனுப்பியிருக்கிறாராம். "இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் கேட்டேன். எட்டுப் பாட்டுகள்தான் உள்ளன. தங்களுடைய ஒன்பதாவது பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிவிக்கவும்."

மதியமே தெப்பக்குளத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"மொதப் பக்கம் சரியா இருந்துச்சு மேடம். ரெண்டாம் பக்கம் அஞ்சு நிமிஷம் மிச்சம். காலியா விட்டா பார்ட்டிங்க வந்து சண்டைக்கு நிப்பாங்க, டேப்பைத் திருடிட்டேன்ற மாதிரி. அதனால நீளம் பாத்து எதையாவது போட்டு ரொப்பிடுவோம். எல்லாக் கடையிலயும் இதான் வழக்கம். இங்கிலீஷ் கேசட்டுன்னா இங்கிலீஷ் பாட்டாவே போடுவேன். அதுல நான் கரெக்டா இருப்பேன்."

"அது யார் பாட்டு?"

"நம்ம பொன்மலை பேண்டு மேடம். காலனி ஹால்ல ஒரே மைக்கு வச்சு எடுத்தாங்க. காப்பி போட எங்கிட்ட கொடுத்தது இங்கயே கெடந்துச்சு."

"நடுவுல அந்தச் சங்கு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "ஒர்க்‌ஷாப் சங்கு மேடம். சாயங்காலம் ஷிப்டு விடுறப்ப ஊதுவாங்கள்ல?"

பொன்மலை ரயில்வே பட்டறையின் சங்கு. என் அலுவலக ஜன்னல் வழியே தினமும் கேட்கும் சங்கு. வங்கிக்காரரோ அந்தச் சங்குக்குத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறவர். ஆறு பேரும் பாதி ஆயுள் அதைக் கேட்டிருந்தோம். கேசட்டில் கேட்டதும் லண்டனுக்குப் போய்விட்டோம்.

அந்த பேண்டை மன்னார்புரத்து அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலோ இந்தியர் கல்யாணங்களிலும் கிறிஸ்துமஸ் நடனங்களிலும் வாசிப்பவர்கள். "கேக் வெட்டுற பேண்டு" என்பது வங்கிக்காரர் வைத்த பெயர்.

மறுநாள் பொன்மலைக்குப் போய்ப் பாடியவரைப் பார்த்தேன். பட்டறையில் ஃபிட்டர். ஐம்பதை நெருங்கிய வயது. பாட்டு அவரே எழுதியது. நான் கொண்டுபோன பத்திரிகையை வாங்கி அந்த வரியை விரலால் தடவினார்.

"சங்கு ஊதிடிச்சு, என்ன பண்றது? மறுபடி எடுக்க டேப் இல்ல," என்றார். பிறகு, "வேற யாராலயும் பாட முடியாதுன்னு போட்டிருக்கே. அது நாங்கன்னு போடுவீங்களா?"

"போடுவேன்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா? அப்புறம் பெரிய இடத்துல வேணாம்னு சொல்லிட்டா?"

"போடுவேங்க," என்றேன்.

பெரிய இடத்துக்கு முன்னால் அறை வந்தது. அன்று சாயங்காலமே வங்கிக்காரரும் ஆய்வகக்காரரும் என் அலுவலக வாசலுக்கு வந்தார்கள். கடைக்காரர் சொல்லியிருப்பார்.

"என்ன மேடம், சங்கு ஊதிட்டீங்களே," என்றார் வங்கிக்காரர். அதுவரை 'என்னம்மா', அன்றிலிருந்து 'மேடம்'. "பாட்டே தெரியாம விமர்சனமா? இனிமே நீங்க எட்டு நல்லா இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"ஒன்பதாவது அவங்களோடதுன்னு சொன்னது நீங்களும்தாங்க."

"நாங்க ரூமுக்குள்ள சொன்னோம். அச்சுல போட்டது நீங்க."

ஆய்வகக்காரர் தணிவாகப் பேசினார். "தப்பு வந்துடுச்சு, எட்டுப் பாட்டுதான்னு போட்டுடுங்க. போதும். பொன்மலை பேண்டுன்னெல்லாம் எதுக்கு? பதினஞ்சு வருஷமா கேக்குறவங்கன்னு ஊர்ல ஒரு மரியாதை இருக்கு. சிரிப்பாங்க. அதைப் போட்டீங்கன்னா..." அவர் முடிக்கவில்லை. வங்கிக்காரர் முடித்தார்: "ஞாயித்துக்கிழமை வேற எடம் பாத்துக்குங்க."

என்ன போகும் என்பது தெளிவாகத் தெரிந்தது. திருச்சியில் அந்த இசையைப் பேச எனக்கு வேறு இடம் கிடையாது.

வீட்டுக்குப் போய் கேசட்டைப் போட்டேன். எட்டாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். அந்த ஒன்பதாவதின் வெளிச்சத்தில் மற்ற எட்டும் பளிச்சென்று தெரிந்ததா என்று எனக்கே சந்தேகம். மூன்று முறை கேட்டேன். என் கட்டுரையில் ஒரு பெயரடையைக்கூட மாற்றத் தோன்றவில்லை, அந்தச் சங்கு வாக்கியத்தைத் தவிர.

திருத்தத்தை நான்கு வாக்கியங்களில் எழுதினேன். ஆல்பத்தில் எட்டுப் பாட்டுகளே உள்ளன. ஒன்பதாவது பாட்டு பொன்மலைக் குழுவினருடையது, எழுதிப் பாடியவர் ரயில்வே பட்டறை ஃபிட்டர். நடுவே ஒலித்தது அந்தப் பட்டறையின் சங்கு. எட்டுப் பாட்டுகளைப் பற்றி எழுதிய கருத்தில் மாற்றமில்லை.

செய்தி ஆசிரியர் நான்காவதை அடித்தார். "திருத்தத்துல அபிப்பிராயம் கூடாது. உனக்குத் தெரியாதா?"

"அதை எடுத்தா எட்டும் தப்புன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும் சார். அதுவும் தப்பான செய்திதான்."

"ஒரு தப்புப் பண்ணவங்க இவ்வளவு பேசக் கூடாது."

"ஒரு தப்புக்குத் திருத்தம் கொடுத்துட்டேன் சார். பண்ணாத தப்புக்குக் கொடுக்க மாட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "போடு. ஆனா இனிமே இந்தப் பேப்பர்ல பாட்டு விமர்சனம் கிடையாது."

நான்கு வாக்கியமும் அச்சாயின. அதன் பிறகு அந்தப் பத்திரிகையில் நான் இசை பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, எழுதக் கேட்கவும் இல்லை. பொன்மலை ஃபிட்டர் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மன்னார்புரத்தில் மாடிப்படி ஏறினேன். பேச்சு நின்றது.

"இங்க எதுக்கு வந்தீங்க மேடம்?" என்றார் வங்கிக்காரர்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை," என்று சொல்லி உட்கார்ந்தேன்.

பக்கத்து அறையிலிருந்து ஆய்வகக்காரரின் மனைவி காபியோடு வந்து முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தார். ஆய்வகக்காரர் யாரையும் பார்க்காமல், "என்ன போடலாம்?" என்று கேட்டார்.

"புது ஆல்பம்," என்றேன். "எட்டுப் பாட்டு."

வங்கிக்காரர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஐந்து பேர் உட்கார்ந்து கேட்டோம். முடிந்ததும் முதல் கருத்தைச் சொல்ல ஆள் இல்லாததால் நான் சொன்னேன். இரண்டு பேர் மறுத்தார்கள். ஆய்வகக்காரர் மூன்றாவது பாட்டை மட்டும் இன்னொரு முறை போட்டார். பிடித்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலு வாரம் கழித்து வங்கிக்காரர் திரும்பி வந்தார். அந்த ஆல்பம் குப்பை என்பதை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் என் முறை வரும்போது, பதில் முடியும்வரை அவர் கேசட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகுதான் மறுப்பார்.