சோப்பு படாத ஜாடி

கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்து உதவியாளருக்கு ஜாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை வைக்கோலை வேகவைத்து, ஆறிய தண்ணீரில் பழைய ஜாடியிலிருந்து நாலு சொட்டு விடுவார். பரமீசியம் என்கிற ஒரு செல் உயிரி அதில் பல்கிப் பெருகும். ஜாடியில் சோப்பு மட்டும் படக்கூடாது. பட்டால் அத்தனையும் காலி.

முதல் தண்ணீர், கல்யாணமான புதிதில், கல்லூரிக்குப் பின்னாலிருந்த குளத்தில் அவர் மனைவி தன் பாட்டிலில் அள்ளிக் கொடுத்தது. இருபத்திரண்டு வருடமாக வைக்கோல் நறுக்கித் தருபவளும் அவள்தான். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், பிணமே விழாது என்று இவர் அளந்துவிட்டால், "நமக்குத்தான் ஒண்ணும் வாய்க்கல. அதுகளாவது பெருகட்டும்" என்று சிரிப்பாள்.

அவள் வயிற்றில் கட்டி வந்தது. அது என்ன ஏதென்று பேராசிரியையிடம் கேட்டார். ஒரு செல் உயிரிக்குத் தின்பது, நகர்வது, பிரிவது எல்லாம் அந்த ஒற்றைச் செல்லின் பாடு. நம் உடம்பில் கோடிக்கணக்கான செல்கள், ஆளுக்கொரு வேலை, வேளை வந்தால் வழிவிட்டுச் சாகவும் வேண்டும் என்றாள் பேராசிரியை. "ஒண்ணு மட்டும் அதை மறந்துட்டு, தனக்காகவே பிரிய ஆரம்பிச்சிடுது அண்ணே. அதுதான் கட்டி."

அன்று ஜாடியைப் பார்த்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்காகவே பிரிந்துகொண்டிருக்கிற இந்தச் சனியனையா இத்தனை வருடம் வளர்த்தோம் என்று பொருமினார். எய்தவன் இருக்க அம்பை நோகலாமா? நொந்தார், பாவி மனுஷன். தண்ணீரைக் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் கேட்டாள்: "ஏங்க, ஜாடி மாத்துனீங்களா?"

"மாத்திட்டேன்."

"நான் போனாலும் விட்டுடாதீங்க. நான் அள்ளுனது அது ஒண்ணுதான் இருக்கும்."

தலையாட்டினார். வேறென்ன செய்வார்? மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார். வைக்கோலைத் தானே கோணல்மாணலாக நறுக்கி வேகவைத்தார். ஒரு வாரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செருப்பு வடிவத்தில் குட்டிக் குட்டியாய் நீந்தின. அச்சு அசல் அதேதான்.

பேராசிரியையும் எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு துக்கத்துலயும் இதுகளைச் சாகவிடாம வச்சிருக்கீங்களே, அண்ணே."

"இது வேறம்மா," என்றார். "அவ அள்ளுனதை நான் கொன்னுட்டேன்."